ஆரின் வண்டியைக் குளிருக்கு மூடினார்

ஆரின் ஹெக்ஸ்டாடின் கால்களைத்தான் நான் முதலில் பார்த்தேன். அரிசோனாவில், ஆற்றை ஒட்டிய, வீட்டு வண்டிகள் நிற்கும் அந்த டிரெய்லர் பூங்காவுக்கு வந்து சேர்ந்த அன்று, கேஸ் நாற்றம் அடிக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறதென்று அலுவலகத்தில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், என் வண்டிக்கு அடியில் யாரோ படுத்துக் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கசியல," என்றது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல். "ஆனா நீ பயந்தது நல்லதும்மா. பயப்படாதவன் வண்டிதான் எரியும்."

அப்புறம்தான் முழு ஆளும் வெளியே வந்தார். நெடிய உருவம், வெளுத்த புருவம், மேலெல்லாம் மணல். பக்கத்து மனையில் நின்ற நீண்ட வெள்ளை வண்டி அவருடையது. சாப்பிட வாருங்கள், உட்காருங்கள் என்றெல்லாம் உபசாரம் செய்யாமல், என் சிலிண்டரை எப்படி மூடுவது, கழிவுக் குழாயை எப்படிக் கழற்றுவது, ஹீட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏன் சுவிட்சைப் போடக்கூடாது என்று வரிசையாகக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஊர். அது புதுப்பிக்கப்படுமா, என் விசாத் தாள்கள் செல்லுமா என்பதே எனக்கு எந்நேரமும் யோசனை. நாலு சக்கரத்தின்மேல் குடியிருப்பவளுக்கு அப்படியொரு பக்கத்து வீட்டுக்காரர் வாய்த்தது அதிர்ஷ்டம்தான். அந்தப் பூங்காவிலேயே ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக நான் தங்கிப்போனதற்கு அவரும் அவர் மனைவியும் ஒரு காரணம்.

ஆரின் வட டகோட்டாக்காரர். அறுவடைக் காலத்தில் சர்க்கரைக் கிழங்கு லாரி, மற்ற நாளெல்லாம் தானியக் கிடங்கு. மனைவி லவோன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவரும் ஓய்வு பெற்ற வருடத்திலிருந்து, குளிர் கடிக்கத் தொடங்கியதும் வண்டியை இழுத்துக்கொண்டு தெற்கே வந்துவிடுவார்கள். பனி கரைந்ததும் திரும்புவார்கள். டிரெய்லர்க்காரத் தம்பதிகளுக்குள் எழுதாத பங்கீடு ஒன்று உண்டு. வண்டிக்கு வெளியே இருப்பதெல்லாம் அவர் பொறுப்பு, உள்ளே இருப்பதெல்லாம் அவள் பொறுப்பு. ஹெக்ஸ்டாட் வீட்டில் அது கோடு போட்ட மாதிரி. லவோன் ஒரு நாளும் ஹோஸைத் தொட்டதில்லை. ஆரினுக்குச் சர்க்கரை எந்த அலமாரியில் இருக்கிறதென்று தெரியாது.

"கேல், இந்த மனுசனுக்கு நான் செத்தா காப்பிக்குப் பால் எங்கன்னு தெரியாது," என்பார் லவோன். கயல்விழி என்ற என் பெயர் அவர் வாயில் முதல் நாளே கேல் ஆகிவிட்டது.

"நீ செத்தா நான் காப்பியை விட்டுருவேன்," என்பார் ஆரின். "நான் செத்தா நீ குளிக்கறத விடணும். ஹீட்டரைப் பத்தவைக்க உனக்கு வரவே வராது."

இப்படிப் பேசிக்கொண்டிருந்த ஆளுக்குத்தான் மறதி வந்தது. முதலில் சீட்டாட்டத்தில் எந்த நிறம் இறங்கியது என்பதை மறந்தார். அடுத்த குளிர்காலம் எதிர்மனை டெல்பர்ட்டின் பெயர் போனது. டெல்பர்ட் அயோவாவிலிருந்து வரும் பெண்டாட்டி இல்லாத மனிதர், வாய் ஓயாதவர். "என் பேர் மறந்தா பரவால்ல ஆரின், எங்கிட்ட வாங்கின ஏணியை மறந்துறாத," என்று சிரித்துச் சமாளித்தார். பிறகு நான் யார் என்பது போயிற்று. கடைசியில், போன வருடம் நன்றி சொல்லும் விருந்தன்று, வான்கோழியை அறுத்துக்கொண்டே லவோனைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் வரலையாங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். லவோன் அவர் தட்டில் உருளைக்கிழங்கை வைத்தார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவருக்கு மனைவி நினைவில் இருந்தார். அது குளியல்.

வண்டியின் ஷவர் ஓர் ஆள் நிற்கும் அளவு. அதில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு அவரை உட்காரவைத்து, கதகதப்பாகத் தண்ணீரைத் திறந்து, லவோன் கழுத்துப் பிடரியில் விடுவார். தோள் இறங்கும். கண் மூடும். "லவோன், இன்னும் கொஞ்சம் சூடா," என்பார். எப்போதும் அந்த ஒரு வாக்கியம்தான். அந்தப் பெயர் அந்த நேரத்தில் மட்டும்தான் வாயில் வரும். துடைத்துச் சட்டை போட்டதும் மறுபடி "ரொம்ப நன்றிங்கம்மா" ஆகிவிடும்.

"சாயங்காலம் குளிப்பாட்டறதுக்காகத்தான் நான் காலையில எந்திரிக்கிறேன், கேல்," என்று ஒரு முறை சொன்னார் லவோன். அழவில்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார்.

மகள் ரோண்டா வடக்கே இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று உண்டு. "அப்பாவுக்கு அங்கே ஒரு ரூம் சொல்லி வைக்கட்டுமா?" என்று வாரம் தவறாமல் போனில் கேட்பாள். குளிப்பாட்ட முடிகிற வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது லவோனின் பதில். அவர் போட்டுக்கொண்ட கோடு அதுதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் லவோன் என் கதவைத் தட்டினார்.

"கேல், சுடுதண்ணி வரல."

நான் போய்ப் பார்த்தேன். ஆரின் எனக்குக் கற்றுக்கொடுத்த வரிசையிலேயே போனேன். முதலில் அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக எரிந்தது. அப்படியென்றால் கேஸ் இருக்கிறது. வெளியே வந்து ஹீட்டரின் தகரக் கதவைத் திறந்தேன். நெருப்பு வரும் குழாயின் வாயில் மண்குளவி கூடு கட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நோண்டிக்கொண்டிருக்கும்போது டெல்பர்ட் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"டாக்டரம்மா, ஆபரேசனா?" நான் டாக்டர் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "குளவிக்குக் கேஸ் வாசனைன்னா அப்படி ஒரு ஆசை. என் மச்சான் பீர் வாசனைக்கு வர்ற மாதிரி."

கூட்டை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். குப்பென்று பற்றியது. கொஞ்ச நேரம் எரிந்து, தானாக அணைந்தது. மறுபடி போட்டேன். மறுபடி அணைந்தது. டெல்பர்ட் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தார். மேலே இருந்த அழுத்த வால்வின் நெம்புகோலைத் தூக்கினார். தண்ணீர் பீச்ச வேண்டிய இடத்தில் சூடான காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது.

"தொட்டியில சொட்டுத் தண்ணி இல்ல. வெறும் பானையை அடுப்புல வெச்சிருக்கோம்."

உள்ளே போய்க் கட்டில் பலகையைத் தூக்கினோம். ஹீட்டரின் பின்புறம் அங்கேதான். வால்வுகள் மூன்றும் திரும்பிக் கிடந்தன. ஊருக்குள் வராமல் பைபாஸில் போகும் பஸ்ஸைப் போல, தண்ணீர் தொட்டிக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு நேரே குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. வண்டியைக் குளிருக்கு மூடும்போதுதான் அப்படித் திருப்புவார்கள். தொட்டியை வடித்துவிட்டு, குழாய்களில் மட்டும் உறையாத ரோஸ் நிறத் திரவத்தை ஏற்றுவதற்காக.

"அக்டோபர்ல மூடினத வந்ததும் திருப்ப மறந்துட்டீங்க, லவோன்."

"மறந்திருந்தா இத்தனை நாளா எதுல குளிப்பாட்டினேன், டெல்பர்ட்? முந்தாநாள் கூட கண்ணாடி முழுக்க ஆவி."

டெல்பர்ட் என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

வால்வுகளைத் திருப்பினோம். தொட்டி நிறைந்தது. அன்று சாயங்காலம் திறந்த ஜன்னல் வழியாக, "லவோன், இன்னும் கொஞ்சம் சூடா," என்று ஆரினின் குரல் கேட்டது. நான் என் வண்டியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிம்மதியாக இருந்தது.

அந்த வாரமே மறுபடியும் தண்ணீர் குளிர்ந்தது. மறுபடியும் தொட்டி காலி. மறுபடியும் வால்வுகள் திரும்பிக் கிடந்தன. நான் திருப்பிவிட்டேன். சில நாளில் மீண்டும் அதே கதை.

"எலி திருப்புது," என்றார் டெல்பர்ட் முதல் தடவை. "பேய்," என்றார் அடுத்த தடவை. அதற்கடுத்த தடவை விளையாட்டை விட்டுவிட்டு, லவோன் காதில் விழாத தூரத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"டாக்டரம்மா, வெளி வேலையெல்லாம் இப்ப அவதான் பாக்குறா. வாழ்க்கையில தொடாத வேலை. எதையோ திருப்பறா, அப்புறம் மறந்துடறா. ஒரு வீட்ல ரெண்டு பேருக்கும் வந்தா என்ன பண்றது?"

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது. சொல்ல நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். லவோனுக்கும் அது தெரியாமலில்லை. ரோண்டாவிடம் போனில் ஹீட்டரைப் பற்றிச் சொல்லப்போக, அவளும் அதையே கேட்டுவிட்டாள்: "அம்மா, நீயே திருப்பிட்டு மறந்திருக்க மாட்டேன்னு நிச்சயமா தெரியுமா?"

அதற்குப் பிறகு லவோன் தன்னைத்தானே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்று முணுமுணுப்பார். திங்கள் மக்ரோனி, செவ்வாய் மாட்டிறைச்சிக் குழம்பு. ஒரு நாள் என் வேலை உடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கேல், இது ரத்தத்துல தெரியுமா?"

"எது?"

"மறதி."

"எங்க கூடத்துல அதுக்கெல்லாம் சோதனை இல்லங்க."

"இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்துப் பாரு. அவருக்கு வேண்டாம். அவருக்குத்தான் தெரியுமே."

தண்ணீர் குளிர்ந்த நாட்களில் அவர் கெட்டிலில் காய்ச்சித் துணியை நனைத்துத் துடைக்கப் பார்ப்பார். யாரோ முன்பின் தெரியாத பொம்பிளை தன் சட்டையைக் கழற்றுகிறாள் என்று ஆரின் தள்ளிவிடுவார். பூங்காவின் பொதுக் குளியலறைக்குக் கூட்டிப்போனால் எதிரொலிக்குப் பயந்து வாசலிலேயே நின்றுவிடுவார். ஆண்கள் பக்கம் லவோன் உள்ளே போகவும் முடியாது. ஒரு நாள் லவோனின் கன்னத்தில் நீலம் பாரித்திருந்தது. "அலமாரிக் கதவு," என்றார். அவர் அலமாரிகளெல்லாம் இடுப்புக்குக் கீழே இருப்பவை.

மார்ச் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் எல்லாம் தெரிந்தது.

நான் வேலையிலிருந்து வந்து வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். லவோனும் வந்து உட்கார்ந்தார். மத்தியானம் ஹீட்டர் சுவிட்ச் அணைந்திருந்தது, குளியலுக்காகத் தான் அதை மறுபடி போட்டு வெகு நேரம் ஆகிறது, இன்று தண்ணீர் நன்றாகக் காய்ந்திருக்கும் என்றார். ஆரின் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நல்ல வெயில் தாழ்ந்த நேரம். டெல்பர்ட் அரைக்கால் சட்டையோடு தன் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே கட்டில் பலகை கிறீச்சிட்டது. லவோன் பேச்சை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து ஆரின் இறங்கி வந்தார். கழுத்து வரை ஜிப் போட்ட கனத்த கோட்டு. காதை மூடிய கம்பளித் தொப்பி. கையில் ஸ்பேனர் பெட்டி. உள்ளங்கையை உயர்த்தி வடக்குப் பக்கத்துக் காற்றைப் பார்த்தார். பிறகு ஹீட்டர் கதவுக்கு முன்னால் கோயிலில் மண்டியிடுபவர் போல உட்கார்ந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஸ்பேனரைத் தேர்ந்தெடுத்தார்.

லவோன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடி எனக்கு வலித்தது. அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். தான் இல்லை என்கிற நிம்மதி. அது வந்த வேகத்தில் போய்விட்டது.

லவோன் எழுந்து ஆரின் பக்கத்தில் போய் நின்றார்.

"என்ன பண்றீங்க?"

ஆரின் நிமிர்ந்து பார்த்தார். புது ஆளிடம் பேசுகிற மரியாதை முகத்தில் வந்தது.

"இன்னிக்கு ராத்திரி உறையப் போகுதுங்கம்மா. உங்க வண்டியில தண்ணிய வடிச்சுட்டீங்களா?"

"இல்லீங்களே."

"வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. நான் ஒரு வருசம் அப்படித்தான் விட்டேன். மொத வண்டி. தொட்டி வெடிச்சு, தரை பூரா பாழ். தெக்க எங்கயாவது போவோம்னு ஒரு வருசமா சொல்லிட்டிருந்தோம். என் சம்சாரம் அந்த ஈரத்துலயே உக்காந்து அழுதா. அவ அழுது நான் பாத்தது அது ஒண்ணுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அதுக்கப்புறம் ஒரு வருசம் கூட விட்டதில்ல."

"ஹீட்டரை அணைச்சாச்சுங்களா?" லவோனின் குரல் மாறியது. அணைந்திருந்த சுவிட்சைத் தானே மறுபடி போட்டது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"மத்தியானமே அணைச்சு ஆற விட்டுட்டேன். சூட்டோட திறக்கறவன் மடையனுங்க."

"இருங்க, ஆரின், இருங்க," என்று லவோன் கை நீட்டுவதற்குள் அவர் நெம்புகோலைத் தூக்கிவிட்டார்.

கொதிக்கும் தண்ணீர் அவர் மணிக்கட்டில் பீச்சியது. நான் ஓடினேன். டெல்பர்ட் தன் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். மூன்று பேருமாக அந்தக் கையைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்துக்கொண்டிருந்தோம். தோல் சிவந்து சுருங்கியது. ஆரின் கத்தவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லவோன் பக்கம் சாய்ந்து, ரகசியம் போலச் சொன்னார்.

"என் சம்சாரம்தான் மறுபடி போட்டிருப்பா. பாவம், அவளுக்குத் தெரியாது. அவகிட்டச் சொல்லிறாதீங்க. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா."

"சொல்ல மாட்டேங்க," என்றார் லவோன்.

டெல்பர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹோஸிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின்மேல் போய்க்கொண்டேயிருந்தது.

மறுநாள் டெல்பர்ட் ஒரு பூட்டோடு வந்தார். தகரக் கதவில் போட்டுவிட்டுச் சாவியை லவோனிடம் கொடுத்தார். "முடிஞ்சுது கதை. இனி அவன் என்னத்த வடிக்கிறான்னு பாப்போம்." அன்று சாயங்காலம் ஆரின் கோட்டும் தொப்பியுமாக இறங்கி வந்து பூட்டைப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். கட்டுப் போட்ட கையால் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வண்டிக் கதவாகத் தட்ட ஆரம்பித்தார். என் கதவுக்கும் வந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா. யாரோ என் வண்டியைப் பூட்டிட்டாங்க. உங்ககிட்ட சாவி இருக்குங்களா? குளிர் இறங்குது. என் சம்சாரம் வெளிய போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள முடிக்கணும்."

அவர் பின்னாலேயே லவோன் வந்து நின்றார். கடைசியில் டெல்பர்ட்தான் லவோனிடம் சாவியை வாங்கிப் போய், தானே போட்ட பூட்டைத் தானே கழற்றினார்.

ஹீட்டரைச் சூடாக வைத்தால் அவருக்கு ஆபத்து. அணைத்து வைத்தால் குளியல் இல்லை. பூட்டினால் அவர் ஊரெல்லாம் கெஞ்சிக்கொண்டு அலைகிறார். வேறு வழி இருக்கிறதா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். லவோன் அந்த ஒரு ராத்திரி மட்டும் யோசித்தார். காலையில் என் வண்டியின் படியில் உட்கார்ந்து, நான் பக்கத்தில் இருக்கும்போதே மகளுக்குப் போன் போட்டார்.

"நான் மறக்கல, ரோண்டா. மொதல்ல அத நீ தெரிஞ்சுக்க. உங்கப்பாதான் தெனம் வண்டிய மூடிட்டிருந்திருக்காரு." அப்புறம் நிறைய நேரம் மறுமுனையில் பேச்சு. "ஆமா. அந்த ரூமைச் சொல்லி வை. நீயே வந்துரு."

ரோண்டா வந்தாள். அப்பாவின் புருவமும் அம்மாவின் கைகளுமாக இருந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் போன்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா," என்றாள். "கேக்க வேண்டியதுதான். நானே என்னைக் கேட்டுக்கிட்டேன்," என்றார் லவோன்.

கிளம்ப வேண்டிய அன்று காலை கடைசிக் குளியல். நான் லவோனுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்க உள்ளே நின்றேன். தண்ணீர் நல்ல சூடு. கட்டுப் போட்ட கைக்குப் பிளாஸ்டிக் பை சுற்றி, லவோன் அவர் பிடரியில் தண்ணீரை விட்டார். தோள் இறங்கியது. கண் மூடியது. லவோன் காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் திறந்தார். தொட்டி தீர்ந்து தண்ணீர் வெதுவெதுப்பாகும் வரை காத்திருந்தார். ஆரின் கண்ணைத் திறந்து, "ரொம்ப நன்றிங்கம்மா," என்றார்.

பெட்டிகளைக் காரில் ஏற்றியாயிற்று. ஆரின் மட்டும் ஏற மாட்டேன் என்றார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வண்டிய மூடாம எப்படிப் போறது?"

"அப்பா, இங்க உறையாது. இது அரிசோனா," என்றாள் ரோண்டா.

"உங்க பேச்சக் கேட்டுத்தான் ஒரு தடவ தொட்டி வெடிச்சுது."

லவோன் மகளின் தோளைத் தொட்டார். "விடு. அவர் மூடட்டும். நேரம் இருக்கு."

ரோஸ் திரவக் குடங்கள் வண்டியின் பக்கவாட்டு அறையில் அவர் வைத்த இடத்திலேயே இருந்தன. ஹீட்டர் ஆறும் வரை எல்லோரும் நிழலில் காத்திருந்தோம். டெல்பர்ட் தன் வண்டிக்குள் போய்விட்டு வந்தபோது, அந்த வெயிலில், தலையில் ஒரு கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆரின், இன்னிக்கு ரொம்ப இறங்கும்போல இருக்கே."

"ஆமா," என்றார் ஆரின். "நீயும் வடிச்சுட்டியா?"

"நீ முடிச்சதும் எனக்கு வந்து பாத்துக் குடு. எனக்குச் சரியா வராது."

ஆரினின் கைகள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. நெம்புகோலைத் தூக்கி அழுத்தத்தை விட்டார். தொட்டியின் அடிமூடியைக் கழற்றினார். தண்ணீர் மணலில் ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றியது. இப்படித்தான் தினமும் தடயமில்லாமல் வற்றியிருக்கிறது. குளவி புகாமல் மூடியைத் திரும்ப மாட்டினார். உள்ளே போய் வால்வுகளைத் திருப்பினார். பம்பின் குழாயைக் குடத்தில் விட்டார். பிறகு வெளியே வந்து, பம்பை ஓட்டிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அது அவர்கள் வண்டி வாங்கிய காலத்திலிருந்து செய்கிற முறை. அவர் வெளியே, அவள் உள்ளே. அவள் ஒவ்வொரு குழாயாகத் திறக்க வேண்டும், ரோஸ் நிறம் வந்ததும் சொல்ல வேண்டும்.

"லவோன், ரோஸ் வந்துச்சா?"

உள்ளே பாத்திரம் கழுவும் தொட்டியின் அருகில் நின்ற லவோன் குழாயைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்தப் பெயர் வெளியே, பட்டப்பகலில், காய்ந்த சட்டை போட்ட மனிதனின் வாயிலிருந்து வந்திருந்தது.

"வந்துருச்சு, ஆரின்."

"சுடுதண்ணிக் குழாய்?"

"வந்துருச்சு."

"முகம் கழுவற இடத்துல?"

"இரு. ம், வந்துருச்சு."

கேள்வியும் பதிலுமாக வண்டியின் நீளத்துக்கு நடந்தார்கள், அவர் சுவருக்கு வெளியே, அவர் மனைவி சுவருக்கு உள்ளே. ரோண்டா காரில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது ஷவர் மட்டும். லவோன் முக்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுத் திறந்தார். முதலில் தெளிந்த தண்ணீர். அப்புறம் வெளிறிய நிறம். அப்புறம் நல்ல ரோஸ், தரையில் சுழன்று வடிகாலுக்குள் போனது.

"லவோன், ரோஸ் வந்துச்சா?"

லவோன் பதில் சொல்லவில்லை. ரோஸ் போய்க்கொண்டேயிருந்தது.

"லவோன்?"

லவோன் என்னைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்தார், ஒன்றும் சொல்லாதே என்பதுபோல. வெளியே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. குடத்தின் அடியில் உறிஞ்சும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"லவோன், கேக்குதா? வந்துச்சான்னு சொல்லும்மா. நான் இங்கதான் நிக்கிறேன்."

லவோன் குழாயை மூடினார்.

"வந்துருச்சு, ஆரின்," என்றார். "எல்லாம் வந்துருச்சு. வா, போலாம்."

ஆரின் காரில் ஏறும்போது ரோண்டாவிடம், "அந்த அம்மா நல்லா உதவி பண்ணாங்க," என்றது எனக்குக் கேட்டது. லவோன் பக்கத்தில் ஏறிக்கொண்டு அவருக்குப் பெல்ட்டை மாட்டினார்.

வண்டியை விற்கும் பொறுப்பு டெல்பர்ட்டுடையது. அந்த வசந்தத்தில் யாரும் வாங்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வடக்கே போன பிறகு கோடை வந்தது. தகரம் தொட்டால் கை சுடும் அந்த வெயிலில், அடுத்த மனையில் அது நின்றுகொண்டிருந்தது. தொட்டி வடிக்கப்பட்டு, ஒவ்வொரு குழாயிலும் ரோஸ் நிறைந்து, எந்தக் குளிர் வந்தாலும் ஒரு விரிசல் விழாதபடி.